முன்னால் போன சத்தம்

வெள்ளியங்கிரி வாங்கிய புது வண்டியில் ஒரே ஒரு கோளாறுதான். அதன் சத்தம் அதற்கு முன்னால் போய்விடும். ஏதோ ஒரு நொடி இரண்டு நொடி முன்னால் என்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்? உலை வைத்து, கொதி வந்து, அரிசி போட்டு, சோறு வடித்து இறக்குகிற நேரம் முன்னால். வாய்க்கால் மேட்டில் ஏறுகிற இரைச்சல், பாலத்தில் கியர் மாற்றும்போது வருகிற முனகல், வேலியோரம் திரும்புகையில் அடிக்கிற சின்ன ஆரன், வாசலில் வந்து அடங்குகிற உறுமல், கடைசியாக ஸ்டாண்டு போடுகிற 'டக்' வரைக்கும் ஒன்று விடாமல் முன்னாடியே வந்து சேர்ந்துவிடும். யாரென்று எட்டிப் பார்த்தால் வாசலில் வெயில்தான் நிற்கும். அப்புறம் சோறு வடிக்கிற நேரத்துக்கு வெள்ளியங்கிரி வருவான், சட்டை காற்றில் உப்ப, இன்ஜின் ஓட, ஆனால் மூச்சுப் பேச்சு இல்லாத வண்டியில்.

இதைப் பார்த்து யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. பால் கறக்கவும் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டவும் நேரம் பத்தாத ஊர்க்காரர்கள் அதிசயப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்ன? வெள்ளியங்கிரி அந்த வட்டாரத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். ஊருக்கு ஊர் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் போன் போகும், அவன் உறைய வைத்த விந்து உள்ள, பனிப்புகை கக்குகிற கேனோடு வருவான். முன்பெல்லாம் அவன் வந்த பிறகுதான் மாட்டைத் தேடி ஓடுவார்கள். இப்போது சத்தம் கேட்டதும் ஒருவர் மாட்டைப் பிடித்து வேப்பமரத்தில் கட்டுவார், இன்னொருவர் வெந்நீர் வைப்பார், சோப்பும் துண்டும் வாளிப் பக்கத்தில் வந்து உட்காரும். "டாக்டரு சத்தம் வந்துருச்சு, புடிச்சுக் கட்டுடா" என்பது நத்தக்காட்டுவலசில் தொடங்கி சுற்றுப்பட்டி முழுக்கப் பழகிப்போன பேச்சாகிவிட்டது. சத்தம் வந்த பிறகு பால் சொசைட்டிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று சிலர் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். பாலத்தடியில் சீட்டாடுகிறவர்கள் ஒரு ஆட்டத்தை முடிக்க அதையே அளவாக வைத்துக்கொண்டார்கள். டீக்கடை ராவுத்தர் சத்தம் கேட்டுப் பாலைக் காய்ச்சி, ஆள் வரும்போது டம்ளரைக் கையில் நீட்டுவார். சத்தம் வந்து ஆள் வராமல் போனால்தான் கோபித்துக்கொண்டார்கள். நடுவழியில் மனசு மாறித் திரும்பிப் போகிற உரிமை வெள்ளியங்கிரிக்கு இல்லாமல் போனது.

எல்லாருக்கும் சௌகரியம். அவனுக்கு மட்டும்தான் அதில் ஒன்றும் இல்லை. முன்பு மாட்டைத் துரத்திப் பிடிக்கிற நேரத்தில் கட்டுத்தரையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார்கள், மகள் கல்யாணத்தைச் சொல்வார்கள், பங்காளி வரப்பை வெட்டினதைச் சொல்வார்கள். இப்போது எல்லாம் தயாராக இருந்தது, பேச எதுவும் மிச்சமில்லை. போனான், போட்டான், கை கழுவினான், வந்தான். வழியெல்லாம் தன் வண்டியின் சத்தம் தன் காதிலேயே விழாமல் காற்றுக்கு நடுவே போவது தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி இருந்தது. பொழுது சாய வீட்டுக்குத் திரும்பும்போது அங்கேயும் சத்தம் முன்னால் போய்ப் பூட்டின கதவுக்கு எதிரே நின்று அடங்கியிருக்கும். அதைக் கேட்க அந்த வீட்டில் ஓர் ஆள் கிடையாது.

இருந்தாள், பரிமளம். பதினைந்து வருசம் குடித்தனம் செய்த பெண்டாட்டி. பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை, பேசாமலிருப்பதற்கும் பழகியிருந்தார்கள். போன தை மாதம் ஒறம்பரை வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தி நடந்தது. பரிமளம் பாயச வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தாள். வெள்ளியங்கிரிக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுசன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஊருல இருக்கற மாட்டையெல்லாம் நம்ம மாப்பிள்ள சினையாக்கிப் போட்டாரு, ஊட்டுலதான் ஒண்ணையும் காணோம்" என்றான். பந்தியே சிரித்தது. வெள்ளியங்கிரியும் சிரித்தான். மோர்ச் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், கூடச் சேர்ந்து ஹெஹ்ஹே என்று சிரித்துத் தொலைத்தான். மற்றவர்கள் சிரித்ததைப் பரிமளம் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் புருசன் முகத்தைத்தான் பார்த்தாள். அன்றைக்கே கரட்டுப்புதூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை, அவன் போனையும் எடுக்கவில்லை.

ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிரித்தது தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் புது வண்டி. பழைய வண்டியில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேனுக்குத் தொட்டில் அடித்திருந்தான். அதனால் கட்டின நாளிலிருந்து பரிமளம் அவன் பின்னால் உட்கார்ந்ததே இல்லை, எங்கே போனாலும் அவள் பஸ், அவன் வண்டி. புது வண்டியில் கேனுக்குப் பக்கவாட்டில் கம்பி வைத்தான். பின் சீட்டைக் காலியாக விட்டான், அதில் ஒட்டியிருந்த பாலித்தீன் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. பஸ்ஸில் போய்ப் பேசிவிட்டு வா என்று ராவுத்தர் சொன்னபோது, "காலமெல்லாம் அவ பஸ்லதானுங்க போனா, மறுபடியும் பஸ்லயே வாடீன்னு கூப்பிடறதுங்களா?" என்று கேட்டான். ராவுத்தர் இன்னொரு டீ போட்டார்.

ஆனால் கரட்டுப்புதூருக்கும் சத்தம்தான் முதலில் போனது. அவன் போய்ச் சேரும்போது கதவு சாத்தியிருக்கும். காது சுத்தமாகக் கேட்காத மாமியார் மட்டும் கொட்டாயடியில் புளி தட்டிக்கொண்டிருப்பாள். "பரிமளம் எங்கீங்க?" என்று சைகையில் கேட்டால், காட்டுப் பக்கம் கையைக் காட்டுவாள். வாசலில் ஒரு கட்டில் போட்டு, அதன்மேல் தட்டுப் போட்டு மூடிய காப்பி இருக்கும், சூடாக. மருமகனுக்கு மாமியார் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு அதைக் குடித்துவிட்டு, காட்டுப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். ஒவ்வொரு வாரமும் இதே கதை. சத்தத்தைக் கேட்டதும் ஓடிப் போகிறாள், சனியன் பிடித்த சத்தம் காட்டிக் கொடுத்துவிடுகிறது என்று வழியெல்லாம் வண்டியைத் திட்டிக்கொண்டே வந்தான்.

அதனால் ஷோரூமுக்குப் போனான். டவுனில் கண்ணாடிச் சுவரும் ஏசியும் வைத்த ஷோரூம். வண்டி வாங்குகிற அன்றைக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தவர்கள், சர்வீஸுக்கு என்று பின்வாசல் வழியாக வந்தபோது அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சர்வீஸ் அட்வைசர் லோகேஷ்வரன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்ன கம்ப்ளெயின்ட் சார்?"

"சத்தமுங்க."

"எப்படி சார், கடகடன்னா, கிர்ருன்னா?"

"சத்தமே இல்லீங்க. முன்னாலயே போயிருதுங்க."

லோகேஷ்வரன் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் தேடினான். சத்தம் வருகிற கம்ப்ளெயின்ட்டுக்கு அதில் பதினெட்டு வகை இருந்தது, சத்தம் வராததற்கு எதுவும் இல்லை. 'இன்ஜின் அமைதியாக உள்ளது, வாடிக்கையாளர் திருப்தி' என்று அடித்து, வாட்டர் வாஷ் செய்து, பளபளவென்று துடைத்துக் கொடுத்தனுப்பினான். அடுத்த முறை, ஓடி ஓடி செட்டாகிவிடும் என்றான். அதற்கடுத்த முறை, நீங்கள் ஓட்டுகிற விதம் அப்படி சார் என்றான். வெள்ளியங்கிரி கூச்சல் போட்ட பிறகுதான் டெஸ்ட் ரைடுக்கு ஒத்துக்கொண்டான். மெக்கானிக் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தபோதே, கேட்டு வழியாக வண்டி திரும்பி வருகிற சத்தம் வந்தது, ராம்ப் பக்கம் வந்து நின்றது, ஸ்டாண்டு போட்டது. லோகேஷ்வரன் தலை நிமிராமல், "டெஸ்ட் ரைடு முடிஞ்சுது சார், வண்டி ஓகே" என்று ஜாப் கார்டை மூடிவிட்டான்.

"வண்டி இங்கயேதானுங்க நிக்குது!"

"அதத்தான் சார் சொல்றேன், வந்துருச்சு."

வெள்ளியங்கிரி கம்பெனி நம்பருக்குப் போன் போட்டான். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிச் சொல்லி, அவன் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டு முடித்து, கையும் கழுவி வந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்த பெண்பிள்ளை, "சார், வண்டியை ஸ்டார்ட் பண்ணி போனைப் பக்கத்துல வைங்க" என்றாள். வைத்தான். "சார், ஸ்டார்ட் பண்ணுங்க." "ஓடிட்டுத்தானுங்க இருக்குது." "சத்தம் இல்லையே சார்?" "அதுதானுங்க கம்ப்ளெயின்ட்டு!" அவள் அவனைக் காத்திருக்கச் சொன்னாள். பாட்டு போட்டுவிட்டுப் போனவள் வரவே இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தப் பெண்பிள்ளை பேசின நேரம்தான் அந்த வாரத்தில் அவனோடு யாரும் பேசின அதிக நேரம் என்பது போனை வைத்த பிறகு அவனுக்கு உறைத்தது. உறைத்ததும் ரொம்ப வெசனமாகிவிட்டது.

அப்புறம் ஷோரூமில் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். கேன் வைக்கப் பக்கவாட்டில் கம்பி அடித்திருக்கிறாயே, வெளி ஆளிடம் ஃபிட்டிங் செய்தால் வாரண்டி போய்விடும் தெரியாதா என்றார்கள். அடப்பாவிகளா! கம்பியைக் கழற்றினான். கேனைப் பின் சீட்டில் வைக்க மனசு வராமல் முன்னால் டேங்கின்மேல் சாக்குச் சுற்றிக் கட்டிக்கொண்டான். குளிர் தொடையைச் சுட்டது. பின் சீட்டின் பாலித்தீன் வெயிலில் பளபளத்தது.

அவன் விடாமல் ஷோரூமுக்கு அலைவது ஊருக்குத் தெரிந்தபோது ஊர் பதறிவிட்டது. நத்தக்காட்டுவலசுக்காரர்கள் ஒரு மினி லாரி பிடித்து, ராவுத்தரையும் ஏற்றிக்கொண்டு, அவனுக்குத் தெரியாமல் ஷோரூமுக்கே போய், "புண்ணியமாப் போகுமுங்க, அந்த வண்டியச் சரி பண்ணிப் போடாதீங்க, எங்க பொழப்பே அதுலதான் ஓடுது" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள். மறுபடி வெள்ளியங்கிரி போனபோது லோகேஷ்வரனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா சார், அத்தனை பேரும் திருப்தியா இருக்காங்க. குறை சொல்றது நீங்க ஒருத்தர்தான்."

ஆமாம், ஒருத்தன்தான். அன்று திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, காற்றாலைகள் சுற்றுகிற வெட்டவெளியில் நின்று, "நான் ஒருத்தன்தான், நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிப் பார்த்தான். அவன் குரல் அவன் காதில் விழுந்தது. அது வரைக்கும் பரவாயில்லை.

ஆனால் கம்பெனி என்பது ஒரு விசித்திரமான பிராணி. கேட்கிறபோது திரும்பாது, கேட்டு ஓய்ந்த பிறகு எழுந்து வரும். ஆவணியில் ஒரு நாள் ஷோரூமிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். கோயமுத்தூரிலிருந்து ஏரியா இன்ஜினியர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லாத அந்த மனுசன் வெள்ளியங்கிரி சொன்னதை முழுக்கக் கேட்டார், ஒரு தடவைகூட இடையில் வெட்டவில்லை. அப்புறம் சீட்டைத் தூக்கி, தீப்பெட்டி அளவு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். "இந்த பேட்ச்ல ஒண்ணு ரெண்டு வண்டிக்கு இப்படி வருதுங்க. வாரண்டியில மாத்தியாச்சு" என்றார். அவ்வளவுதான். வெள்ளியங்கிரி பட்டனை அமுக்கினான். வண்டி அவன் தொடைக்கு நடுவே உறுமியது. இத்தனை மாதம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டதும் திடுக்கிட்டு, பிறகு கண் கலங்கிவிட்டான்.

நேராகக் கரட்டுப்புதூருக்குத்தான் விட்டான். வாய்க்கால் மேடு, பாலம், வேலியோரம், எல்லாவற்றிலும் சத்தமும் அவனும் சேர்ந்தே போனார்கள். வாசலில் போய் நின்றபோது பரிமளம் சாணிக் கையோடு நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது. ஓடுவதற்கு நேரம் இல்லை. அவள் முகம் முதலில் பயந்தது, பிறகு வெளுத்தது, பிறகு கொதித்தது.

"சத்தம் எங்க? எப்பவும் முன்னால வருமே அது எங்க?"

"சரி பண்ணிட்டாங்க பரிமளம். கம்பெனிக்காரனே வந்து..." அவனுக்குச் சந்தோசத்தில் நாக்குப் புரளவில்லை. "இனிமே நான் வர்றது முன்கூட்டித் தெரியாது. நீ ஓட வேண்டியதில்ல."

"யாரு ஓடினா?" அவள் இரண்டடி முன்னால் வந்தாள். "எங்கம்மாவுக்கு இடி விழுந்தாலே கேட்காது, அவளா உங்க சத்தம் கேட்டுக் காப்பி வச்சா? நான்தான் வச்சேன். சத்தம் வந்ததும் மொதல்ல உங்களத் திட்டுவேன். அந்தப் பந்தியில சொல்ல முடியாததையெல்லாம் இந்த வாசல்ல நின்னு, வாயில வந்தபடி திட்டுவேன். அப்புறம் அழுவேன். அப்புறம் மொகத்தக் கழுவிட்டு, காப்பி வச்சு, இன்னைக்கு இருந்து பாத்துரலாம்னு கட்டில்ல உக்காருவேன். நீங்க பாலத்துல வர்றது தெரிஞ்சதும் முடியாம எந்திரிச்சுப் போயிருவேன். மொதல் தடவ காட்டுக்கே போயிட்டேன். அப்புறம் கெணத்தடி வரைக்கும். போன வாரம் நீங்க காப்பி குடிக்கறப்ப இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். நீங்க காட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தத நானும் பாத்தேன். இன்னொரு தடவ வந்திருந்தீங்கன்னா..."

பரிமளம் புறங்கையால் கலைந்த தலையை ஒதுக்கினாள்.

"அந்த நேரம் எனக்கு வேணுமுங்க. உங்களப் பாக்கறதுக்கு முன்னால எனக்கு அது வேணும். இப்படித் திடுதிப்புன்னு வந்து நின்னா, எனக்கு அந்தப் பந்தியில சிரிச்ச மூஞ்சிதான் தெரியுது."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. சொல்ல வந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே வெள்ளியங்கிரி வண்டியைத் திருப்பினான்.

மறுநாள் ஷோரூம் திறக்கும் முன்பே வாசலில் நின்றான். பழைய பெட்டியையே திரும்ப வைத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினான். லோகேஷ்வரனுக்குக் கூடப் பாவமாக இருந்திருக்க வேண்டும், முதல் தடவையாகக் கம்ப்யூட்டரை விட்டு நிமிர்ந்து பார்த்தான். "வாரண்டியில மாத்தின பழசு கம்பெனிக்குச் சொந்தம் சார். அன்னைக்கே அனுப்பிட்டோம். அங்க போனதும் நசுக்கிருவாங்க, யாரும் திரும்ப யூஸ் பண்ணக் கூடாதுல்ல?" கோளாறு வேண்டும் என்றால் அதற்கு வாரண்டி கிடையாது என்பதை எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னான். ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மாடுகள் கத்தின, போன் போட்டார்கள், பழையபடி அவன் வந்த பிறகு மாட்டைத் துரத்தினார்கள். கட்டுத்தரையில் பேச்சு திரும்ப வந்தது. அவனுக்குத்தான் அதைக் கேட்கிற மனசு இல்லை.

அடுத்த வாரம் கரட்டுப்புதூர்க்காரர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். வெள்ளியங்கிரி பாலத்தில் கியர் மாற்றி, வேலியோரம் ஆரன் அடித்து, மாமியார் வீட்டு வாசல் வரைக்கும் சத்தத்தோடு வந்தான். ஆனால் நிற்கவில்லை. உறுமிக்கொண்டே ஊரைத் தாண்டி, கண்ணுக்கெட்டாத தூரத்தில் பள்ளத்தில் இருக்கிற கரட்டடிக்கு, அந்தச் சின்னக் குன்றின் அடிவாரத்துக்கு, இறங்கிப் போய் இன்ஜினை நிறுத்தினான். சோறு வடிக்கிற நேரத்தை மனசில் கணக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, வண்டியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். கரட்டடியிலிருந்து ஊர் வரைக்கும் ஏற்றம். உச்சி வெயில். கேனும் வண்டியுமாக என்ன கனம் இருக்கும் என்று தள்ளினவனுக்குத்தான் தெரியும்.

"பெட்ரோல் தீந்துபோச்சுங்களா டாக்டரே?" என்று ஆடு மேய்க்கிறவர் கேட்டார்.

"இருக்குதுங்க."

"அப்புறம் என்ன, ரிப்பேருங்களா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பிறகு ஆட்டைப் பார்க்கப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் அதையும் வழக்கமாக எடுத்துக்கொண்டது. வாராவாரம் அவன் வரும்போது வழியில் கிடக்கிற முள்ளை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் கதவு சாத்தியே இருந்தது, கட்டிலும் இல்லை, ஒன்றும் இல்லை. வண்டியை நிறுத்தி, சாத்தின கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான். ஐப்பசி மழை பிடித்த ஒரு வாரம் சேற்றில் சக்கரம் புதைய, இரண்டு தடவை வழுக்கி விழுந்து எழுந்து தள்ளிக்கொண்டு வந்தான். அதற்குப் பிந்தின வாரம் வெயில் அடித்தது. அன்றைக்குக் கரட்டடியில் அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொள்ள, உட்காராமலே தள்ள ஆரம்பித்துவிட்டான்.

வேலி முனை திரும்பியபோது கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் ஆள் தெரியவில்லை. அவளுடைய குரல்தான் வந்தது, மூக்கடைத்து, அழுதுகொண்டிருந்தவளின் குரல்.

"இன்னும் நேரமாகல. அங்கயே நில்லுங்க."

வெள்ளியங்கிரி வண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.